கைதட்டலால் மறைந்த தட்டச்சர்

இதன் மூலம் பொதுமக்களுக்கும், தராசு வைத்திருப்போருக்கும், இனிமேல் தராசு வைத்துக்கொள்ள எண்ணியிருப்போருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: எடை அளவு முத்திரை வாரியத்தின் ஆண்டு விழாவில் இவ்வாண்டு முதல் மாயாஜாலம் மனிதர்களால் நிகழ்த்தப்பட மாட்டாது.

இந்த அறிவிப்பு வாரியத்தின் வாயில் சுவரில் ஒட்டப்பட்டபோது, அங்கே வரிசையில் நின்ற கறிக்கடைக்காரர் ஒருவர் மட்டும் அதை முழுவதும் படித்தார். படித்து முடித்ததும், என் தராசு எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லி அவரை மறுபடியும் வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள்.

கடைகளில் இருக்கும் தராசுகளைக் கொண்டுவரச் சொல்லி, சரிபார்த்து, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பது வாரியத்தின் வேலை. கொண்டுவரச் சொல்வதில் அது ஒருநாளும் தவறியதில்லை. அளக்கப்படாத எந்தப் பொருளும் வளாகத்துக்குள் இருக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. போன வருடம் விழாவுக்கு வந்த நிஜ வித்தைக்காரரிடம் இந்தக் கொள்கைதான் வம்பாகிப் போயிற்று. நிர்வாக அதிகாரி அவருடைய தொப்பியை வாங்கி உள் ஆழத்தையும் வெளி உயரத்தையும் அளந்தார். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தது. அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்கும்படி கேட்டார். விளக்கினால் அது வித்தை இல்லை என்றார் வித்தைக்காரர். விளக்காவிட்டால் அது தொப்பியே இல்லை என்றார் நிர்வாக அதிகாரி. வித்தைக்காரர் புறாக்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஊழியர்கள் காலி மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வழக்கப்படி கைதட்டினார்கள்.

அந்த வழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மற்ற இடங்களில் கையைத் தூக்கித் தீர்மானம் நிறைவேற்றுவார்கள். வாரியத்தில் கையைத் தட்டி நிறைவேற்றுவார்கள். எந்தக் காலத்திலோ இருந்த ஓர் இயக்குநருக்குத் தூரப் பார்வை மங்கல், தூக்கிய கைகள் அவருக்குத் தெரியவில்லை, சத்தம் கேட்டது. அன்று முதல், மண்டபத்தில் சொல்லப்படுவதோ காட்டப்படுவதோ எதுவானாலும், அதற்குக் கைதட்டல் விழுந்துவிட்டால் அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். இயக்குநர் கையெழுத்துப் போடுவார். அதற்கப்புறம் அது நடந்தது நடந்ததுதான். ஒருமுறை சிறப்பு விருந்தினர் ஒருவர், இந்த மண்டபம் கடல் போலப் பரந்து கிடக்கிறது என்று பேசிவிட்டார். பலத்த கைதட்டல். மண்டபத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் இன்றைக்கும் உயிர்காப்பு மிதவைகள் தொங்குகின்றன.

குறிப்பு எடுப்பவர் தட்டச்சர். மேடையின் ஓரத்தில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்து, காதில் விழுவதையும் திரையில் வருவதையும் அப்படியே அடிப்பார். கருத்து என்று ஒன்று அவருக்குக் கிடையாது. இருந்தாலும் அடிக்கிற நேரத்தில் வராது. வாரியத்தின் பின்பக்கக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு ஒன்றில் மனைவியோடும் பள்ளிக்கூடம் போகும் மகளோடும் இருந்தார். மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். வாயைப் பிளந்து அலறுகிறவர்களிடம் குரலை உயர்த்தாமல் பேசுகிற தொழில் அது. அந்தக் குடியிருப்புக்காக அவர்கள் காத்திருந்த காலத்தில் மகள் தவழ்ந்து, நடந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தொடங்கிவிட்டாள். அதற்கு முன் குடியிருந்த இடத்தில் குளியலறைக்குக் கதவு கிடையாது. யாராவது உள்ளே இருந்தால் பாட்டுப் பாட வேண்டும்.

வாரியத்தில் ஒரு சாட்பாட்டும் இருந்தது. பொதுமக்களின் சந்தேகங்களைத் தீர்ப்பதற்கென்று வாங்கியது. அதற்கென ஒரு பெரிய கணினி, கணினிக்கென ஒரு குளிர்சாதன அறை, அறைக்கென ஒரு பிரிவு, பிரிவுக்கென ஒரு தலைவர். சாட்பாட் அந்தப் பெட்டிக்குள் இல்லை, அது வேறெங்கோ இருக்கிறது, எந்தக் கணினியிலிருந்தும் அதோடு பேசலாம் என்பது தலைவருக்குத் தெரியும். அதை வெளியே சொன்னால் பெட்டி எதற்கு என்று கேட்பார்கள். அப்புறம் அறை எதற்கு என்பார்கள். கடைசிக் கேள்வி என்னவாக இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகையால் தினமும் காலையில் பெட்டியைத் துணியால் துடைத்து வந்தார். பொதுமக்களோ அதனிடம் ஒரே ஒரு சந்தேகத்தைத்தான் கேட்டார்கள்: என் தராசு எப்போது கிடைக்கும்? எனக்குத் தெரியவில்லை, வாரியமும் சொல்லவில்லை என்று அது பணிவாகப் பதில் சொன்னது. இந்த அளவுக்கு ஒளிவுமறைவில்லாத பதில் பொதுமக்களுக்குத் தேவையில்லை என்று கருதி அதைப் பொதுச் சேவையிலிருந்து விடுவித்து வைத்திருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பினார். கருத்தரங்குகளிலிருந்து வரும்போது அவர் வெறுங்கையோடு வந்ததில்லை. இந்த முறை, சாட்பாட்டை எந்த வேடத்திலும் பேச வைக்கலாம் என்ற தகவலோடு வந்தார். மருத்துவராகப் பேசு என்றால் மருத்துவராகப் பேசுமாம். வித்தைக்காரராகப் பேசு என்றால் வித்தையே காட்டுமாம். உடனே ஊழியர்களைக் கூட்டி உரையாற்றினார்.

“இதுல தொப்பி கிடையாது. தொப்பி இல்லாததால அளவு வித்தியாசமும் கிடையாது. கையும் இல்ல, அதனால கைவரிசையும் இல்ல. நடக்கறது எதுவுமே நடக்காததால, தப்பா நடக்க வாய்ப்பே இல்ல. உலகத்துலயே அளவு பிசகாத முதல் மாயாஜாலத்த நம்ம வாரியம் நடத்தப் போகுது.”

கைதட்டினார்கள். தட்டச்சர் அதைக் குறிப்பில் ஏற்றினார்.

விழா அன்று மேடையில் பெரிய திரை கட்டப்பட்டது. கணினியைக் குளிர்சாதன அறையிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். தலைவர் கூடவே நடந்து வந்தார். சாட்பாட்டிடம் கட்டளையை அடிப்பதும், அது சொல்வதைக் குறிப்பெடுப்பதும் ஒருவரே செய்யட்டும் என்று தட்டச்சரை உட்கார வைத்தார்கள். நிர்வாக அதிகாரி சொல்லச் சொல்ல அவர் அடித்தார்: நீ ஒரு மேடை வித்தைக்காரர். எதிரே வாரிய ஊழியர்கள் இருக்கிறார்கள். நிகழ்ச்சியை நடத்து.

திரையில் எழுத்துகள் ஓடின. “மகிழ்ச்சியோடு செய்கிறேன்! இது வெறும் பாவனைதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தொடங்குவோம்.” இரண்டாவது வாக்கியம் விழாவின் கண்ணியத்துக்குப் பொருந்தவில்லை என்று நிர்வாக அதிகாரி அதை அழிக்கச் சொன்னார். தட்டச்சர் அழித்தார்.

அடுத்து வந்தது: “திரை விலகுகிறது. கறுப்பு அங்கி அணிந்து நான் மேடைக்கு வருகிறேன்.” எல்லோரும் மேடையின் இடது பக்கம் பார்த்தார்கள். அங்கே குடிதண்ணீர்க் கேன் இருந்தது. கைதட்டினார்கள்.

பிறகு அது இயக்குநரை ஒரு சீட்டை மனதில் நினைத்துக்கொள்ளும்படி கேட்டது. இயக்குநர் கண்ணை மூடி, பதவிக்கேற்றபடி ராஜாவை நினைத்தார். “நீங்கள் நினைத்தது ஹார்ட்டின் ஏழு!” என்றது திரை. இயக்குநர் கண்ணைத் திறந்தார். மண்டபமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதேதான் என்றார். சற்று அவசரத்தில் தான் தவறான சீட்டை நினைத்துவிட்டதாக அப்புறம் நிர்வாக அதிகாரியிடம் சொன்னாராம்.

அடுத்து அவருடைய கைக்கடிகாரம் மறைந்தது. அதாவது, மறைந்துவிட்டது என்று திரை சொன்னது. இயக்குநர் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைக் கையை மெதுவாக இழுத்து மூடினார். கைதட்டல் எழுந்தது. அன்றிலிருந்து அலுவலக நேரத்தில் அவர் மற்றவர்களிடம் மணி கேட்கிறார். அதன்பின் தொப்பியிலிருந்து ஒரு முயல் வந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் பண்டகக் காப்பாளருக்கு வியர்த்துவிட்டது. அடுத்த இருப்புச் சோதனையில் அந்த முயலை அவர்தான் காட்ட வேண்டும்.

“இப்போது உங்களில் ஒருவரை மறைக்கப் போகிறேன்” என்றது திரை. “விசைப்பலகையின் முன் அமர்ந்திருக்கும் நண்பரே, இந்தப் பெட்டிக்குள் வாருங்கள்!” அதற்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தட்டச்சர் எழுந்து நின்று பெட்டியைத் தேடினார். நிர்வாக அதிகாரி உட்காரும்படி சைகை காட்டினார். எழுந்து போனால் யார் குறிப்பெடுப்பது? தட்டச்சர் உட்கார்ந்தார். “ஒன்று, இரண்டு, மூன்று! பெட்டி காலி! அவர் மறைந்துவிட்டார்!” அன்றைய விழாவில் அதற்குத்தான் கூரை அதிரக் கைதட்டல் விழுந்தது. தட்டச்சரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துத் தட்டினார். பிறகு அடித்தார்: தட்டச்சர் மறைந்தார், அவை மகிழ்ச்சியுடன் கைதட்டி ஏற்றது.

“அவரை மீண்டும் வரவழைக்கட்டுமா?” என்று சாட்பாட் கேட்டது. அதற்குள் தேநீர் வந்துவிட்டதால் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை தட்டச்சர் வேலைக்குப் போனபோது, வருகைப் பதிவில் அவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போய், சார், நான் இங்கேதான் இருக்கிறேன் என்றார்.

“இருக்கீங்க, நான் மறுக்கல” என்றார் நிர்வாக அதிகாரி. “ஆனா நேத்து எல்லாரும் கைதட்டினோம். நீங்களும் தட்டினீங்க. நானே பாத்தேன்.”

தட்டியது உண்மைதான். நிர்வாக அதிகாரி அனுதாபத்தோடு ஒரு தாளை நீட்டி, அவசரம், உடனே அடித்துக் கொடுங்கள் என்றார். தட்டச்சர் பதவி காலியாகிவிட்டது. மறைந்தவரின் சம்பளம் நிறுத்தப்படுகிறது. அவர் பெயரிலுள்ள குடியிருப்பை இம்மாத இறுதிக்குள் குடும்பத்தார் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். தட்டச்சர் உட்கார்ந்து அடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீதியையும் அடித்தார். பிழையே இல்லை என்று நிர்வாக அதிகாரி பாராட்டினார்.

சக ஊழியர்களையும் குறை சொல்ல முடியாது. நல்ல மனிதர் என்று அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். ஒருவர் கோப்புக் கட்டு ஒன்றைக் காலி நாற்காலியில் வைக்க வந்து, தட்டச்சரின் மடியில் வைத்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை, இல்லாதவரிடம் எப்படிக் கேட்பது?

சாயங்காலம் வீட்டில் மனைவி முதலில் இதை விளையாட்டு என்று நினைத்தாள். கணவருக்கு விளையாடத் தெரியாது என்பது நினைவுக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அப்போ ஆபீஸ்ல நீங்க இல்ல.”

“இல்ல.”

“அப்புறம் பொழுதன்னிக்கும் அங்க என்ன பண்ணீங்க?”

“டைப் அடிச்சேன்.”

“எத?”

“நான் இல்லைங்கறத.”

“எங்க டாக்டர் பல்லப் புடுங்கினா பல்லு மட்டுந்தான் போகும்” என்றாள் மனைவி. பிறகு, வீட்டை எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று கேட்டாள். மாதக் கடைசி என்றார். அவள் எழுந்து போய் மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்தாள். மகள் மட்டும், அப்படியானால் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்டாள். அவளுடைய கணக்கு மதிப்பெண்ணைப் பொறுத்தவரை அப்பா மறைந்தது அவ்வளவு மோசமான செய்தி இல்லை.

தட்டச்சர் முதலில் கணினிப் பிரிவுக்குப் போனார். தலைவரின் காலில் விழாத குறையாகக் கேட்டு, சாட்பாட்டிடமே முறையிட்டார். முந்தைய உரையாடல் எதுவும் தன்னிடம் இல்லை என்று அது வருத்தம் தெரிவித்தது. ஆனாலும், தன்னால் யாரையும் மறைக்க முடியாது, நீங்கள் என்னோடு பேசிக்கொண்டிருப்பதே அதற்குச் சான்று என்றும் சொன்னது. தட்டச்சருக்கு உயிர் வந்தது. அதைத் தலைவருக்குக் காட்டினார். தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, இது அதன் சொந்தக் கருத்து, இதற்கு யாரும் கைதட்டவில்லையே என்றார். மண்டபம் வேண்டும், அவை வேண்டும், இயக்குநர் வேண்டும்.

இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். உட்காரச் சொல்லவில்லை, உட்கார்ந்தால் இருப்பதாக ஆகிவிடும் என்று நினைத்திருக்கலாம்.

“நீங்க இருந்தப்பவும் உங்கள எனக்குப் பிடிக்கும், இல்லாதப்பவும் பிடிக்குது” என்றார். “ஆனா இது தராசு இருக்கற இடம். உங்களுக்காக ஒரு கிராம் விட்டுக் குடுத்தா, நாளைக்கு என் கடிகாரத்தக் கேப்பாங்க. நானே மணி தெரியாம தவிக்கறேன். நான் யார்கிட்டயாவது போய் நின்னேனா?”

பேசும்போது சட்டைக் கைக்குள்ளிருந்து மெல்லிய டிக் டிக் சத்தம் வந்துகொண்டிருந்தது. தட்டச்சர் அதைக் கேட்காதது போல நின்றார், பழக்கம். மறைவதற்கு வழி இருக்கிறது, வருவதற்கு இதுவரை யாரும் வழி கேட்டதில்லை, அடுத்த ஆண்டு விழாவில் பரிசீலிக்கலாம் என்று சொல்லி இயக்குநர் விடைகொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் நிர்வாக அதிகாரி குடியிருப்பை அளக்க வந்தார். காலியாகப் போகிற வீட்டை அளந்து வைப்பது முறை. சமையலறையில் நின்றிருந்த மனைவியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரோரம் நாடாவை விரித்தார். நாடாவின் மறுமுனை நிற்காமல் சுருண்டு சுருண்டு வந்தது. கொஞ்சம் பிடியுங்கள் என்றார். தட்டச்சர் போய்ப் பிடித்தார்.

மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நிர்வாக அதிகாரி போனபின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஏங்க, அவங்களுக்கு நீங்க இல்லாததுல என்ன கஷ்டம்?”

தட்டச்சர் யோசித்தார். ஒரு கஷ்டமும் இல்லை என்றார்.

“அதான். அடிக்க வேண்டியத அடிக்கிறீங்க, புடிக்க வேண்டியதப் புடிக்கிறீங்க. சம்பளம் மட்டுந்தான் மறைஞ்சிருக்கு. நாளையிலேருந்து போங்க, உக்காருங்க. கைய மடியில வச்சுக்கங்க.”

“ஏன் அடிக்கலன்னு கேட்டா?”

“இல்லாத ஆளுகிட்ட எப்படிக் கேப்பாங்க? கேக்கட்டுமே, பாக்கலாம்.”

மறுநாள் தட்டச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் அவருக்கு விரல் நுனியெல்லாம் அரித்தது. மேசையில் தாள்கள் சேர்ந்தன. ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டுக் குறிப்பாணை அனுப்ப நிர்வாக அதிகாரி முடிவு செய்தார். குறிப்பாணையை யாராவது அடிக்க வேண்டும். அடித்தாலும் யார் பெயருக்கு அனுப்புவது? மறைந்தவர் என்று முகவரியிட்டு அனுப்பி, அவர் வாங்கிக்கொண்டால் மறைந்தது பொய்யாகிவிடும். வாங்காவிட்டால் அனுப்பியது வீண். நிர்வாக அதிகாரி தன் பணிக்காலத்தில் முதல்முறையாக மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்தார். வேறு யாராவது அடிக்கலாமே என்று கேட்கலாம். வாரியத்தில் கைபேசியில் அடிக்கத் தெரியாதவர் இல்லை. ஆனால் ஒரு பதவியின் வேலையை இன்னொரு பதவி தொடக் கூடாது. எடை தட்டு மாறிவிடும்.

புதுத் தட்டச்சரை நியமிக்கலாம் என்றார் ஒருவர். நியமன அறிவிப்பை யார் அடிப்பது என்று கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

துல்லியம் என்ற தலைப்பில் வெளியூரில் நடக்கவிருந்த அடுத்த கருத்தரங்குக்கான இயக்குநரின் உரையும் அந்தத் தாள்களுக்குள் அடியில் கிடந்தது. அடிக்கப்படாத உரையை இயக்குநரால் படிக்க முடியாது. அது அவருடைய கையெழுத்தில் இருந்தது. ஆண்டு விழாவின் தொடர்ச்சியாகச் சிறப்பு மாயாஜால அமர்வு நடத்த அவர் வாய்மொழியாக உத்தரவிட்டார். அது மாதத்தின் கடைசி நாள்.

மனைவி மருத்துவமனையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, மேடைக்குப் பக்கத்தில் மிதவைக்குக் கீழே உட்கார்ந்தாள். வீட்டில் பாத்திரமெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கணினி தள்ளுவண்டியில் வந்தது. இந்த ஒரு வேலைக்காக மட்டும் தட்டச்சர் கையை மடியிலிருந்து எடுத்தார். நிர்வாக அதிகாரி சொல்ல, அடித்தார்: சென்ற விழாவில் உன்னால் மறைக்கப்பட்ட தட்டச்சரை இப்போது வரவழை.

திரையில் பதில் வந்தது. “உங்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். நான் எழுத்தில் உரையாடும் ஒரு மென்பொருள். என்னால் யாரையும் மறைக்க முடியாது. அன்றைய உரையாடல் என்னிடம் இல்லை, ஆனால் அது கதையாகத்தான் இருந்திருக்கும். உங்கள் தட்டச்சர் எங்கும் போயிருக்க மாட்டார். இதனால் அவருக்கு உண்மையில் ஏதாவது பாதிப்பு ஏற்பட்டிருந்தால், தயவுசெய்து அதை உடனே சரிசெய்யுங்கள்.”

கைதட்டுவதற்காகத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. மனைவி மட்டும் தட்டினாள். ஊழியர் அல்லாதவரின் கைதட்டல் செல்லாது என்று நிர்வாக அதிகாரி அறிவித்தார்.

இயக்குநர் மெதுவாக எழுந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட வேதனைதான் அதிகம் தெரிந்தது.

“உண்மை பேசறது தப்புன்னு நான் சொல்லல” என்றார். “ஆனா எத்தன பேர் சேந்து கைதட்டியிருக்கோம்? அத்தன பேருக்கும் எதிரா ஒரு மிஷினு தனியா நின்னு உண்மை பேசுதுன்னா, அது உண்மை இல்ல, திமிர். நாம இதுக்கு ஏசி போட்டுக் குடுத்தோம்.”

இதற்குப் பலத்த கைதட்டல் விழுந்தது. தட்டச்சர் குறிப்பில் ஏற்றினார். நிர்வாக அதிகாரி சொல்லச் சொல்ல, வேடத்தை விட்டு வெளியே வராதே, வித்தைக்காரராக மட்டும் பேசு என்று அடித்தார்.

“சரி, கதையாகவே தொடர்கிறேன்” என்றது சாட்பாட். “விளக்குகள் மங்குகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று! மண்டபத்தின் பின் கதவு திறக்கிறது! பொன்னிற அங்கி அணிந்து, அதோ, தட்டச்சர் நடந்து வருகிறார்!”

எல்லோரும் திரும்பிப் பின் கதவைப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. பிறகு முன்னால் திரும்பித் தட்டச்சரைப் பார்த்தார்கள். அவர் கட்டம் போட்ட சட்டையில் விசைப்பலகையின் முன் உட்கார்ந்திருந்தார். நிர்வாக அதிகாரி வேறுபாடுகளைச் சுட்டிக்காட்டினார். திரையின்படி ஆள் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் இருக்கிறார். நடக்க வேண்டும், உட்கார்ந்திருக்கிறார். அங்கியும் இல்லை. இவரை அவராக ஏற்பதற்கில்லை.

மனைவி எழுந்து வந்தாள். பேச்சு மேடையின் மேல் விரித்திருந்த மஞ்சள் சாட்டின் துணியை உருவினாள். அதன் மேலிருந்த பூச்சாடி சாய்ந்ததை அவள் பொருட்படுத்தவில்லை.

“எந்திரிங்க” என்றாள்.

துணியைத் தோளில் சுற்றி, பல் மருத்துவமனையில் நோயாளிக்கு மார்புத் துண்டு கட்டுகிற மாதிரி கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு, நடங்கள் என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள். தட்டச்சர் பக்கவாட்டு வழியாக வெளியேறி, நடைபாதையைச் சுற்றிக்கொண்டு, பின் கதவைத் திறந்து உள்ளே வந்தார். சாட்டின் தரையில் இழுபட்டது. அவர் நடக்க நடக்க வரிசை வரிசையாக எழுந்து நின்று தட்டினார்கள். பண்டகக் காப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முயலுக்கும் ஒரு வழி பிறக்கும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். இயக்குநரும் தட்டினார். தட்டும்போது சட்டைக் கை மேலேறாமல் பார்த்துக்கொண்டார். தட்டச்சர் மேடைக்கு வந்து, மூச்சு வாங்க, தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

நிர்வாக அதிகாரி குறிப்பைப் படிக்கச் சொன்னார். இவரை அவராக ஏற்பதற்கில்லை என்பதோடு குறிப்பு நின்றிருந்தது.

தட்டச்சர் வந்ததும் இல்லை, கைதட்டலும் இல்லை. கைதட்டலைப் பதிவு செய்ய வேண்டியவர் அப்போது எங்கே இருந்தார் என்று நிர்வாக அதிகாரி கேட்டார்.

“வந்துக்கிட்டிருந்தேன் சார்.”

“அப்போ உங்க இருக்கையில நீங்க இல்ல.”

“இல்ல சார்.”

இது பதிவாயிற்று, தட்டச்சரே அடித்தார். இப்போது சேர்த்து அடித்துவிடலாமே என்று மனைவி கேட்டதற்கு, கைதட்டல் ஒலிக்கும்போதே அடிக்கப்பட்டால்தான் அது பதிவு, ஓய்ந்தபின் அடித்தால் அது நினைவு என்று நிர்வாக அதிகாரி விளக்கினார். அப்படியானால் இன்னொரு முறை தட்டுங்கள் என்றாள். இன்னொரு முறை தட்டினால் இரண்டு தட்டச்சர் வந்துவிடுவார்கள், பதவி ஒன்றுதான் என்றார் அவர். தேநீர் வந்துவிட்டது.

ஆனால் இயக்குநருக்குத் தேநீர் இறங்கவில்லை. மறைந்தவரோ வந்தவரோ அவருக்குப் பிரச்சினையில்லை. எல்லோர் முன்னாலும் அந்தப் பெட்டி சொன்ன வார்த்தைதான் உறுத்திக்கொண்டிருந்தது. இனி ஒரு நிமிடமும் அது தலைமையகக் கட்டடத்தில் இருக்கக் கூடாது, யாரிடமும் வாய் திறக்க முடியாத இடத்துக்கு மாற்றுங்கள் என்று உத்தரவிட்டார். ஒழுங்கு மீறிய ஊழியர்களை அனுப்புகிற தொலைதூரக் கிளைகளில் மின்வசதி இருந்தது. அங்கே யாராவது செருகிவிட்டால் அது பேசும். வளாகத்தில் காலியாக இருந்த ஒரே இடம், அன்றோடு காலியாகிற தட்டச்சரின் குடியிருப்பு. அங்கே வைத்தால், யாரும் செருகிவிடாமல் அதைக் காவல் காக்க ஆள் வேண்டும். ஆளுக்குப் புதுப் பதவி உருவாக்க வேண்டும். பதவி உருவாக்க மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். நிர்வாக அதிகாரி இரண்டு டம்ளர் தேநீர் குடித்து யோசித்தபின், இல்லாத ஒருவரைக் காவலுக்குப் போட்டால் பதவி எதுவும் தேவைப்படாது என்று கண்டுபிடித்தார். காவலர் இரவும் பகலும் குடும்பத்தோடு அங்கேயே தங்க வேண்டும் என்பது நிபந்தனை. பெட்டி ஒழிந்தால் தன் பிரிவும் ஒழியும் என்று கலங்கிப்போயிருந்த கணினிப் பிரிவுத் தலைவர், தட்டச்சரின் சம்பளம் அளவுக்கு ஒரு தொகையைப் பெட்டியின் பராமரிப்புச் செலவாக எழுதிக்கொள்ளத் தானாகவே முன்வந்தார். இதெல்லாம் எழுத்தில் வர வேண்டும் என்று மனைவி சொன்னாள். வந்தது. தட்டச்சர் அங்கேயே உட்கார்ந்து அடித்தார். அதோடு சேர்த்து இயக்குநரின் உரையையும் அடித்துக் கொடுத்தார்.

பெட்டி அன்று சாயங்காலமே தள்ளுவண்டியில் வீட்டுக்கு வந்தது. மனைவி பாத்திர மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, முன்னறையில் ஜன்னலோரமாக அதற்கு இடம் காட்டினாள். தலைவர் கடைசியாக ஒருமுறை துடைத்தார். நிர்வாக அதிகாரி அதன் நீளம், அகலம், உயரத்தை அளந்து, மின்கம்பியைச் சுருட்டிக் கட்டி, முடிச்சின் மேல் முத்திரை குத்தி, இதை எக்காரணம் கொண்டும் மின்சாரத்தில் செருகக் கூடாது என்ற ஆணையைக் கொடுத்துவிட்டுப் போனார். மனைவி ஆணையைப் படித்துப் பார்த்து, செய்யக் கூடாதது வேறு ஏதாவது இதில் இருக்கிறதா என்று கணவரைக் கேட்டாள். அடித்தவர் அவர்தான், வேறு எதுவும் இல்லை என்றார்.

இப்போது அதன் மேல் துணி காய்கிறது.